கொழும்புக்குப் போகாதவள்

பட்டியலில் இரண்டே இரண்டு பெயர்கள். கம்சாயினியின் பெயர் அதில் இல்லை.

தேசிய இளையோர் கூடைப்பந்துப் பயிற்சி முகாமுக்கு மாவட்டத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் கொழும்புக்குப் போகிறார்கள். இவளுக்குக் கிடைக்க வேண்டிய இடம் ஏறாவூர் முப்லிஹாவுக்குப் போயிருந்தது. போன மாதப் போட்டியில் கம்சாயினி தனியாளாக இருபத்தாறு புள்ளி எடுத்தபோது, மாற்று ஆட்டக்காரிகளின் வாங்கில் உட்கார்ந்து கைதட்டிய அதே முப்லிஹா.

இரண்டு வருடமாகச் செட்டிபாளையத்திலிருந்து விடியற்காலை முதல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பயிற்சிக்கு வந்தவள் கம்சாயினி. முதல் ஆட்டத்தில் பந்தை எதிரணிக்காரியின் கையிலேயே கொடுத்துவிட்டு ஊர் சிரிக்க நின்றவள், இன்று கல்லூரி அணிக்குத் தலைவி. இந்த முகாமுக்குப் போனால்தான் தேசிய அணிக்கு ஆள் எடுப்பவர்களின் கண்ணில் படலாம். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும்.

அவளைவிடக் கொதித்தவர் அப்பா கோணாமலை. செய்தி கேட்டதும் பாதிச் சோற்றில் எழும்பி மோட்டார் சைக்கிளை எடுத்தார். கல்லடிப் பாலம் தாண்டும் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார். உயர்தரப் பரீட்சையை வைத்துக்கொண்டு பந்தடிக்கிறாயா என்று மற்ற அப்பாமார் கேட்பார்கள். இப்படி ஓர் அப்பா யாருக்குக் கிடைப்பார் என்று பின்னால் இருந்தபடி கம்சாயினி நினைத்துக்கொண்டாள்.

மாவட்ட அணியின் பயிற்றுநர் நுஸ்ரா மிஸ், விளையாட்டறையில் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஏறாவூர்தான். கோணாமலைக்கு அது போதுமாக இருந்தது.

"என்ன மிஸ், உங்கட ஊர்ப் புள்ள எண்டா கண்ண மூடிக்கொண்டு பேரைப் போடுவீங்களோ? எங்கட புள்ளையள் வேர்வ சிந்தி விளையாடுறது உங்கட ஆக்களுக்கு வழி விடவோ?"

மிஸ் பம்பைக் கீழே வைத்தார். கோணாமலையைப் பார்த்தார். பிறகு கம்சாயினியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அதை விழுங்கிக்கொண்டார்.

"முடிவெடுத்தாச்சு ஐயா. அடுத்தமுறை பாப்பம்."

அடுத்தமுறையாம். வயது தாண்டிய பிறகு எந்த அடுத்தமுறை? செய்த அநியாயத்துக்கு ஒரு காரணம் சொல்லக்கூட வாய் வரவில்லையே இந்த மனுசிக்கு.

கோணாமலை விடவில்லை. பேஸ்புக்கில் போடுவேன், அமைச்சுக்கு மனு எழுதுவேன், ஊரையே கூட்டிக்கொண்டு வருவேன் என்று கத்தினார். வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் மிஸ் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

கம்சாயினிக்கும் நாக்கு சும்மா இருக்கவில்லை. பந்தைப் பிடிக்கவே கற்றுத் தந்தவர் இவர்தான் என்ற எண்ணம் அந்த நேரம் எங்கே போனதோ தெரியாது.

"இனி உங்கட ஆக்களுக்கு மட்டும் பழக்குங்க மிஸ். எனக்கு நீங்க வேணாம்."

மிஸ்ஸின் கண் கலங்கியது. நல்லாக நடிக்கிறார் என்று நினைத்தாள்.

வெளியே வந்ததும் அப்பா சாவியைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினார். "நீ பைக்கடியில நில்லு மகள். திறப்ப மேசையில விட்டுட்டன்" என்று திரும்பிப் போனார். போன வேகம் அவளைப் பயமுறுத்தியது. கோபத்தில் கையை நீட்டிவிட்டால் பொலிஸ் வரைக்கும் போய்விடும். தடுப்பதற்காகப் பின்னால் ஓடினாள்.

வாசலில் நின்ற ஆட்கள் கலைந்திருந்தார்கள். கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே அப்பாவின் குரல் வேறு யாருடையதோ போலத் தணிந்து கேட்டது.

"குறை நினைக்காதீங்க மிஸ். அவளுக்கு முன்னால இப்பிடிக் கத்தாட்டி என்னிலதான் சந்தேகம் வரும். டொக்டருக்குப் படிக்கிற புள்ள, அதான் முகாமுக்கு அனுப்ப மாட்டன் எண்டு எழுதித் தந்தனான். அந்தக் கடிதத்த மட்டும் அவளுக்குக் காட்டிப் போடாதீங்க."