நினைவு வராத ஒரு மணி நேரம்

மகன் நிலவன் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போய் மூன்று வருடமாகிறது. பரஞ்சோதி தேடாத ஊரில்லை. தூக்கமும் போனபிறகு, தங்கைதான் வற்புறுத்தி அவரைப் பத்து நாள் தியான முகாமுக்கு அனுப்பிவைத்தாள். புத்தர் சொன்னபடி மூச்சைக் கவனியுங்கள், பிடித்துவைத்திருப்பதை விடுங்கள் என்றார்கள். முதல் ஐந்து நாளும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெளியே வண்டிச் சத்தம் கேட்டால் கழுத்து தானாகத் திரும்பியது. ஆறாம் நாள் காலை, தியானம் முடியும் மணியோசையில் திடுக்கிட்டுக் கண் திறந்தார். ஒரு மணி நேரம் போயிருந்தது. எழுந்து நேராகப் பயிற்சியாசிரியரிடம் ஓடினார். சின்ன வயதுக்காரர் அவர்.

“தம்பி, ஒரு மணி நேரம் எம்மவன் நெனப்பே வரல.”

“நல்லதுதானே ஐயா?”

“அவங்கம்மா செத்த அன்னிக்குக்கூட மறக்கல. நானும் விட்டுட்டா அவனைத் தேட வேற யாரு இருக்கா?”

“தேட வேணாம்னு யாரும் சொல்லலையே. அந்த நேரம் எப்படி இருந்துச்சு?”

பரஞ்சோதி தலையைக் குனிந்துகொண்டார்.

“நல்லா இருந்துச்சு. அதான் பயமா இருக்கு.”

ஊருக்குக் கிளம்பிவிடுவதென்று அறைக்குப் போய்த் துணிகளைப் பையில் திணித்தார். புறப்படுமுன் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடி, மகனின் முகத்தைக் கூப்பிட்டுப் பார்த்தார். மூச்சுதான் வந்தது, போனது. பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார்.