போன் பொருத்தம்

"சாதகம் பொருந்தியிருக்கு. இனி மாப்பிள்ளைட போனைத் தாங்க," என்றார் பெண்ணின் தகப்பன் வல்லிபுரம். "ஆள் என்னத்தைப் பார்க்குதோ, அதைத்தானே போன் திரும்பத் திரும்பக் கொண்டுவரும். அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

ரதீஸ் பணிவாக நீட்டினான். வல்லிபுரம் விரலால் தள்ளத் தள்ள, தேவாரமும் களுதாவளைப் பிள்ளையாரும் இறால் குழம்புமாக வந்துகொண்டேயிருந்தன.

"தங்கமான பொடியன்!"

"அப்ப பொம்பிளைட போனையும் பார்ப்பம்," என்றாள் ரதீஸின் தாய் சின்னத்தங்கம்.

ஆர்த்திகாவின் போனிலும் அதே தேவாரம், அதே பிள்ளையார், அதே இறால் குழம்பு. அங்கேயே கலியாணம் முற்றாகியது.

ஆறு மாதத்தில் புதுச்சோடி முகம் பார்த்துக் கதைப்பதில்லை. அவன் போனில் மோட்டார் சைக்கிள் ரேஸில் கிடந்தான். அவள் கொரிய நாடகத்தில் கிடந்தாள்.

வல்லிபுரம் சம்பந்தியிடம் குமுறினார். "போன் எப்படித் தங்கச்சி பொய் சொல்லும்?"

சின்னத்தங்கம் அவருடைய மனைவி தவமணியோடு ஒட்டி உட்கார்ந்து தேவாரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போன் பொய் சொல்லல்ல அண்ணன். அண்டைக்கு நீங்க பார்த்தது என்ட போன். நான் பார்த்தது தவமணிட போன். பாருங்களன், எங்க ரெண்டு பேருக்கும் என்ன பொருத்தம் எண்டு!"