கம்பியில் ஒரு மப்ளர்

"அந்த மப்ளரை அவுத்துத் தொலைங்க பெரியவரே! ஆளே இல்லாத எடத்துக்கு எதுக்குக் காவல்?"

ஃபாபியான் கத்தினான். பள்ளிக்கூட ஆசிரியன், வாயைத் திறந்தால் சமத்துவம். அவனுடைய கோட்டும் பையும் கம்பியில் தாராளமாகத் தொங்கின.

புவெனோஸ் ஐரஸின் பெரிய இசை அரங்கில் முன்வாசல் பணக்காரர்களுக்கு. நின்று பார்க்கிற எங்களுக்குப் பக்கவாசல், உச்சி மாடி. கைப்பிடிக் கம்பியில் துணி கட்டியவருக்கு அந்த இடம். விளக்கு அணையும்போது அங்கே யார் நிற்கிறாரோ, இடைவேளை வரை அவரை யாரும் அசைக்கக் கூடாது. இது மாடிச் சட்டம்.

கம்பியின் நட்டநடுவில் எவாரிஸ்தோ கிழவரின் மப்ளர். அவரோ பின்னால் படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"நாடு முழுக்க வேலி போட்ட பண்ணையாருங்க பத்தாதுன்னு, இங்கயும் ஒருத்தர்!" என்றான் ஃபாபியான்.

எல்லாரும் சிரித்தார்கள்.

கூட்டத்துக்குப் பின்னால் குள்ளமான ஓர் அம்மாள் எம்பி எம்பிப் பார்த்தாள். பெயர் நேலிதா. வடக்கே ஹுஹுயிலிருந்து ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் வந்தவள்.

"எம் பொண்ணு இன்னிக்குத்தான் மொதமொதல்ல கோரஸ்ல பாடறா. விடிஞ்சா எனக்கு பஸ். கொஞ்சம் வழி விடுங்கய்யா."

யாரும் நகரவில்லை.

"மககிட்ட சொல்லியிருந்தா நல்ல சீட்டே வாங்கித் தந்திருப்பாளே?" என்றான் ஃபாபியான்.

"வாடகைக் காசை எடுத்துச் செலவு பண்ணிடுவா. நான் வந்ததே அவளுக்குத் தெரியாது."

நேலிதா கிழவரிடம் குனிந்தாள். "ஐயா, அந்த எடம்..."

"என் எடம். கட்டியாச்சு. இங்கயே எம்பக்கத்துல நில்லுங்க."

"பாத்தீங்களாம்மா? கல்லு மனசு!" என்றான் ஃபாபியான்.

கடைசி மணி அடித்தது. விளக்குகள் மங்கின. எவாரிஸ்தோ விருட்டென்று எழுந்தார். கூட்டத்தை முழங்கையால் விலக்கி, நேலிதாவைக் கைபிடித்து இழுத்துப்போய்க் கம்பியருகே நிறுத்தினார். மப்ளரை அவிழ்த்தார். அரங்கு இருண்டது.

"இதை மொதல்லயே செஞ்சிருக்கலாமே?" ஃபாபியான் முணுமுணுத்தான்.

"வெளிச்சத்துலயே எடத்தை விட்டிருந்தா, நீங்கள்லாம் அவங்களை அங்க நிக்க விட்டிருப்பீங்களா?"

எவாரிஸ்தோ படிக்குத் திரும்பினார். அங்கிருந்து மேடை தெரியாது. பாட்டு மட்டும் கேட்கும்.

நேலிதாவுக்குப் பக்கத்தில் நின்ற ஃபாபியான், தன் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, தன் இடத்துக் கம்பியை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டான்.