பச்சை விளக்கு எரிந்த வீடு

ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு கருவி இருந்தது. அலறல் கேட்டால் காவலரை அனுப்பும். கேட்காத வரை பச்சை விளக்கு எரியும். அதன் புதிய வடிவத்துக்கு ஒப்புதல் தர, புருஷனிடம் அடிபட்டு மீண்ட எழிலரசியை அழைத்திருந்தார்கள். அவள் கையெழுத்துப் போட மறுத்தாள்.

“ஒம்பது வருஷமும் என் வீட்டுல பச்சை லைட்டுதான் சார் எரிஞ்சுது. அடிக்கிறதுக்கு முன்னாடி அந்தாளு டிவி சத்தத்தக் கூட்டிடுவான். புள்ள முழிச்சிடும்னு நான் வாயே திறக்க மாட்டேன். திடீர்னு டிவி சத்தம் கூடுனாலும் ஆள் அனுப்பணும்னு இதுல சேருங்க.”

கருவியை வடிவமைத்த பொறியாளர் சிரித்தார். “கிரிக்கெட் பாக்கிறவன் வீட்டுக்கெல்லாம் போலீஸ் போய் நிக்கணுமாம்மா?”

“நிக்கட்டும். கதவத் தட்டிட்டு, மன்னிப்பு கேட்டுட்டு வரட்டும். என் கதவ ஒருத்தரும் தட்டல.”