இரண்டே ஓட்டு

எங்கள் சட்டமன்றத் தொகுதியில் குடை ரிப்பேர்காரர் எட்டுத் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். சொல்லிவைத்தாற்போல் ஒவ்வொரு முறையும் இரண்டே ஓட்டு. புருஷன் ஒன்று, பெண்டாட்டி ஒன்று என்று ஊரே சிரித்தது. எட்டாவது முடிவு வந்த சாயங்காலம், அடுப்படியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் அவர் சொன்னார்:

"ஊரே கைவிட்டாலும் நீ ஒருத்தி கைவிடலடி."

அவள் தலைகுனிந்தாள். "மன்னிச்சுக்கங்க. ஒரு தடவைகூட நான் உங்களுக்குப் போட்டதில்ல. ஜெயிச்சா வீடு தங்க மாட்டீங்களேன்னு பயம்."

அவர் அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்தார்.

"நானும் போட்டதில்ல. நமக்கு நாமே போட்டுக்கறது வெக்கமா இருந்துச்சு."

இருவரும் மூடியிருந்த வாசற்கதவைப் பார்த்தார்கள். பிறகு அவள், கொதிக்கும் தேநீரில் இன்னும் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றினாள்.