என்னைப் பேசாதேங்கோ

"நான் சொல்லி முடிக்கேல்லை, சேர்..."

"முடிக்க வேண்டாம், முதல்லேருந்து சொல்லு. முகத்துல வெளிச்சம் எங்க..."

"அங்கை மொனிட்டர் கிடக்கு. ஒருக்கால் திரும்பிப் பாருங்கோவன்."

"பாக்க மாட்டேன். நீ சொல்லு."

சிவப்பிரியா கேமராவை விட்டு விலகினாள். பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் ஒரு தமிழ்க் கடையைப் படப்பிடிப்புக்கு எடுத்திருந்தார்கள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருக்க, அரிசி மூட்டைகளுக்கு நடுவே அவளும் இயக்குநர் மணவாளனும் மட்டும்தான்.

"எந்த நேரமும் என்னைப் பேசுறீங்கள்," என்றாள்.

"பேசாம எப்படிம்மா படம் எடுக்கிறது?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்தாருக்குப் பேசுவதென்றால் திட்டுவது. சென்னைக்காரருக்கு அது எங்கே விளங்கப் போகிறது?

ஒளிப்பதிவாளராகக் கொடிகட்டிப் பறந்த மனிதர். இயக்குநராக இதுதான் முதல் படம். பேர்லினில் எத்தனையோ பெரிய கைகள் இருக்க, கல்யாண வீடுகளில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவளை ஏன் கூப்பிட்டார்? வேலைக்கு வந்த அன்றே அந்தச் சந்தேகம் முளைத்துவிட்டது. ஷாட்டுக்கு ஷாட் பரீட்சை. நிழல் எங்கே விழுகிறது, நடிகையின் கண்ணில் ஈரம் தெரிகிறதா, ஒன்று விடாமல் ஒப்பிக்க வேண்டும். தேநீரைக்கூட மேசையில் வைத்தால் தொடமாட்டார்; கையிலேயே கொடுக்க வேண்டும். அவ்வளவு பெரிய மனுஷத்தனம்.

"நேற்று ஃபோனிலை ஆருக்கோ என்ன சொன்னனீங்கள்? 'அவளுக்கு இன்னும் தெரியாது, தெரிஞ்சா படம் அவ்வளவுதான்' எண்டு. எனக்கு விளங்காதோ?"

மணவாளன் முகம் வெளிறியது. "அதை நீ கேட்டியா?"

"ஓம். என்னிலை பிழை பிடிச்சுக் கலைச்சுப்போட்டு, கமராவை நீங்களே தூக்கப் போறீங்கள். படத்திலை என்ரை பேர் வரும் எண்டு அம்மா கோயிலிலை ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டா. இனி அவ என்ன முகத்தோடை அங்கை போறது?"

"அப்படி இல்லம்மா, ப்ரியா."

"அப்ப ஏன் என்னைக் கூப்பிட்டனீங்கள்?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "உன் தமிழுக்காக."

"பகிடியோ? கமராவுக்குத் தமிழ் எதுக்கு? இனி நான் ஒரு சொல்லும் கதைக்க மாட்டன். நீங்களே எடுங்கோ."

கடைக் கதவை இழுத்துத் திறந்தாள். பஸ் சத்தம் உள்ளே வந்தது. வெளியே கால் வைக்கப் போனவளை அதே சந்தேகம் பிடித்து நிறுத்தியது. ஆள் போனதும் கேமராவுக்குத்தான் பாய்வார். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

பிடித்திருந்த கதவை விட்டாள். அது தானாகச் சாத்திக்கொண்டது. உள்ளேயே, அவருக்கு நேர் எதிரே, வாயை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

மணவாளன் கேமரா பக்கம் போகவில்லை. நாற்காலியில் இருந்தபடி அவள் முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ப்ரியா," என்றார் மெதுவாக. "போயிட்டியாம்மா?"