ஒன்றாகப் பூசக்கூடாது

குவைத்திலிருந்து அக்கா அனுப்பிய இரண்டு கிரீம்களையும் யோகமலர் மருந்துக்கடைக்கார அழகரத்தினத்திடம் காட்டினாள்.

"இது ரெட்டினோல், மற்றது அமிலம். ரெண்டையும் ஒண்டாப் பூசிராத புள்ள. ஒருநாள் இது, மறுநாள் அது."

"ஒண்டாப் பூசினா?"

"தோல் வெந்து உரியும். உன்ர முகத்த ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க."

அவள் ஒன்றாகவே பூசினாள். நான்காம் நாள் முகம் சிவந்து உரிந்தது.

"கலியாணம் பேசுற நேரத்தில இப்பிடிச் செய்துட்டியே!" அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

எரிந்தாலும் யோகமலருக்கு நிம்மதி. சோதனைச் சாவடியில் தினமும் அவளை மட்டும் நிறுத்தி, "வீட்டுக்கு வரவா?" என்று இளிக்கும் சிப்பாய் இனி ஏன் பார்க்கப்போகிறான்?

பார்த்தான். பதறிப்போய்ப் பையிலிருந்து களிம்பு எடுத்துக் கொடுத்தான். பிறகு அவளுடைய அடையாள அட்டையில் விலாசத்தை வாசித்தான்.

"சுகமா எண்டு பாக்க நாளைக்கு வீட்டுக்கு வாறன்."